பூக்களின் பள்ளத்தாக்குக்கு ஒரு குடும்பப் பயணம்: கையிருப்பாக இரண்டு நாள்!

'பூக்களின் பள்ளத்தாக்கு' என்றதும் சினிமாப் பாட்டுக்குப் போட்ட செட் ஞாபகம்தான் பலருக்கும் வரும். ஆனால் இது தோட்டக்காரர் யாரும் நட்டு வளர்க்காத இடம். உத்தராகண்ட் மாநிலம் சமோலி மாவட்டத்தில், பத்ரிநாத் போகும் வழியிலிருந்து பிரிந்து மலையேறினால் வருகிற தேசியப் பூங்கா. பரப்பு 87.5 சதுர கிலோமீட்டர். ஆண்டில் ஏழு மாதம் பனியும் குளிருமாகக் கிடந்துவிட்டு, மழைக்காலத்தில் மட்டும் நூற்றுக்கணக்கான வகைப் பூக்களால் நிறைந்துவிடும்.

1931-ல் காமெட் சிகரம் ஏறிவிட்டுத் திரும்பிய ஃபிராங்க் ஸ்மித் என்ற ஆங்கிலேயரும் அவருடைய குழுவும் மழையில் வழி மாறி இந்தப் பள்ளத்தாக்கில் இறங்கினார்கள். ஸ்மித் பிறகு மறுபடியும் வந்து தங்கி, 1938-ல் இதைப் பற்றி ஒரு புத்தகமும் எழுதினார். உலகம் இந்த இடத்தை அறிந்தது அதனால்தான். ஆனால் பியுண்டார் கிராமத்து மக்கள் அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பிருந்தே இங்கே ஆடு மேய்த்து வந்தார்கள். 1982-ல் தேசியப் பூங்கா ஆனது. 2005-ல் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது.

சென்ற ஆகஸ்டில் எங்கள் வீட்டிலிருந்து நான்கு பேர் போய் வந்தோம். 66 வயது அம்மா, கணவர், கல்லூரியில் படிக்கும் மகள், நான். அம்மாவுக்கு வேண்டியது பத்ரிநாராயணன் தரிசனம். மகளுக்கு வேண்டியது பூ. கணவருக்கு வேண்டியது, அலுவலகத்தில் சொன்ன தேதியில் திரும்பி வருவது! மூன்றையும் ஒரே பயணத்தில் அடக்க, ஒரு மாதம் முன்பிருந்தே சாப்பாட்டு மேஜையில் காகிதமும் பேனாவுமாக உட்கார்ந்தோம். நீங்களும் கிளம்புவதாக இருந்தால், எங்கள் கணக்கு உங்களுக்கு உதவலாம்.

எப்போது போவது?

பூங்கா ஜூன் 1-ல் திறந்து அக்டோபர் 31-ல் மூடுகிறது. ஜூனில் போனால் ஓடைகளின் மேல் பனிப்பாளங்கள் இன்னும் மிச்சமிருக்கும். பூக்கள் அப்போதுதான் தலைகாட்டத் தொடங்கும். ஜூலை நடுவிலிருந்து ஆகஸ்ட் நடுவரைதான் உச்சம். செப்டம்பரில் வானம் தெளிந்து மலைகள் பளிச்சென்று தெரியும். ஆனால் செடிகள் விதைக்குத் தயாராகிப் பள்ளத்தாக்கு மஞ்சள் பூசிக்கொள்ளும்.

சிக்கல் எங்கே என்றால், உச்சம் என்று சொன்ன அதே நான்கு வாரம்தான் இமயமலையில் நல்ல மழைக்காலம். பூவும் மண்சரிவும் ஒரே மழையின் பிள்ளைகள். மழை வேண்டாம் என்றால் பூவும் கிடையாது. 2013 ஜூன் வெள்ளத்தில் இந்த வழியின் பாலங்களும் நடைபாதையும் அடித்துப் போயின. ஒவ்வொரு ஆண்டும் சாலையில் எங்காவது மண் சரிந்து, சில மணி நேரமோ ஒரு நாளோ வண்டிகள் நிற்பது வழக்கம்.

ஆகவே தேதியை முடிவு செய்ததும் நாங்கள் செய்த முதல் வேலை, கையிருப்பாக இரண்டு நாள் ஒதுக்கியது. ஒன்று மலைமேல் காங்காரியாவில். மற்றொன்று ரிஷிகேஷில், ஊர் திரும்புவதற்கு முந்தைய நாள். "சும்மா உட்காரவா அத்தனை தூரம் போறோம்?" என்று கேட்டார் கணவர். அந்தக் கேள்விக்கான பதில் மலையில் கிடைத்தது.

எங்கள் பத்து நாள் திட்டம்

முதல் நாள்: காலையிலேயே ரிஷிகேஷிலிருந்து காரில் புறப்பட்டு தேவப்பிரயாகை, ருத்ரபிரயாகை வழியாகக் கர்ணபிரயாகை. சுமார் 170 கிலோமீட்டர். ஒரே நாளில் ஜோஷிமட் வரை போகிறவர்கள் உண்டு. வயதானவர்கள் கூட இருந்தால் பாதியில் தங்குவது நல்லது. மலைச்சாலையில் இருட்டியபின் வண்டியில் இருக்கவே கூடாது.

இரண்டாம் நாள்: ஜோஷிமட்டில் நரசிம்மர் கோயில், இரவுத் தங்கல்.

மூன்றாம் நாள்: பத்ரிநாத். நான்காம் நாள்: காலையில் மூன்று கிலோமீட்டர் தள்ளி இருக்கும் மாணா கிராமம், பிறகு கோவிந்த்காட்டுக்கு இறக்கம்.

ஐந்தாம் நாள்: காங்காரியாவுக்கு ஏற்றம். ஆறாம் நாள்: பூக்களின் பள்ளத்தாக்கு. ஏழாம் நாள்: ஹேம்குண்ட் சாகிப். எட்டாம் நாள்: கையிருப்பு.

ஒன்பதாம் நாள்: மலையிறங்கிப் பீப்பல்கோட்டி. பத்தாம் நாள்: ரிஷிகேஷ். அங்கே இன்னொரு கையிருப்பு நாள்.

பத்ரிநாத்தை ஏன் முதலில் வைத்தோம்? யாருடைய ஆசை விட்டுப்போகவே கூடாதோ, அதை முதலில் முடித்துவிட வேண்டும். மழை குறுக்கே வந்து திட்டம் கலைந்தால் கடைசியில் இருப்பதுதான் அடிபடும். இன்னொரு லாபமும் உண்டு. பத்ரிநாத், காங்காரியா இரண்டுமே ஏறக்குறைய 3,000 மீட்டர் உயரம். நம் தொட்டபெட்டாவே 2,637 மீட்டர்தான். பத்ரிநாத்தில் ஓர் இரவு தங்கினால், நடக்கத் தொடங்கும் முன் உடம்பு அந்தக் காற்றுக்குக் கொஞ்சம் பழகிக்கொள்கிறது.

வைணவக் குடும்பங்களுக்கு இந்தச் சாலை இன்னொரு விதத்தில் நெருக்கமானது. ஆழ்வார்கள் பாடிய தலங்களில் மூன்று இதே வழியில் இருக்கின்றன. தேவப்பிரயாகைதான் கண்டமென்னும் கடிநகர். ஜோஷிமட்டைத் திருப்பிரிதி என்று வழிபடுகிறார்கள். பத்ரிநாத் வதரியாச்சிரமம். அலகநந்தாவும் பாகீரதியும் கலந்து கங்கையாகும் இடத்தைப் பார்த்தபடி அம்மா வெகுநேரம் நின்றார். பூப் பார்க்கக் கிளம்பிய மகளும் அன்று பாட்டியிடம் கேள்விமேல் கேள்வியாகக் கேட்டுக்கொண்டே வந்தாள்.

கால்களுக்குக் கணக்கு

கோவிந்த்காட்டிலிருந்து புல்னா வரை நான்கு கிலோமீட்டருக்கு ஷேர் ஜீப் ஓடுகிறது. அங்கிருந்து காங்காரியா சுமார் 10 கிலோமீட்டர், ஏறத்தாழ முழுக்க ஏற்றம். திருப்பதிக்கு அலிபிரி வழியாக 3,550 படி ஏறியவர்களுக்கு ஓரளவு பிடிபடும். ஆனால் இங்கே காற்று மெலிசு. நடக்க முடியாதவர்களுக்குக் கோவேறு கழுதை, டோலி, முதுகில் கூடை கட்டித் தூக்கிச் செல்லும் 'கண்டி' எல்லாம் உண்டு. வானிலை இடம் கொடுத்தால் ஹெலிகாப்டரும் பறக்கிறது.

காங்காரியாவிலிருந்து வழி இரண்டாகப் பிரியும். ஒன்று பள்ளத்தாக்குக்கு. நுழைவாயில் கடந்து, புஷ்பாவதி ஆற்றுப் பாலம் தாண்டி மூன்று நான்கு கிலோமீட்டர் ஏறினால் பள்ளத்தாக்கு திறந்துகொள்ளும். இந்த வழியில் கழுதைகளுக்கு அனுமதி இல்லை. மற்றொன்று ஹேம்குண்ட் சாகிப்புக்கு. சீக்கியர்களின் புனித ஏரியும் குருத்வாராவும் 4,000 மீட்டருக்கும் மேலே இருக்கின்றன. ஆறு கிலோமீட்டருக்குள் ஆயிரம் மீட்டருக்கு மேல் ஏற வேண்டும். ஏரிக்கரையிலேயே லட்சுமணருக்கும் கோயில் உண்டு. இரண்டு இடத்திலும் இரவு தங்க முடியாது. பார்த்துவிட்டு காங்காரியாவுக்கே திரும்ப வேண்டும்.

புறப்படுவதற்கு ஆறு வாரம் முன்பே பயிற்சியைத் தொடங்குங்கள். தினமும் ஒரு மணி நேர நடையோடு, மாடிப்படி ஏறி இறங்கவும் வேண்டும். மூட்டுக்கு அதிக வேலை கொடுப்பது இறக்கம்தான். வாங்கிய புது ஷூவை ஊரிலேயே போட்டுப் பழக்கிவிடுங்கள். ரத்த அழுத்தம், இதயம், ஆஸ்துமா தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் கிளம்ப வேண்டாம். மலையில் தலைவலியும் குமட்டலும் சேர்ந்து வந்தால் அதற்குமேல் ஏறக் கூடாது. குறையவில்லை என்றால் கீழே இறங்குவதுதான் மருந்து.

வாயில் மூடிய நாள்

காங்காரியா போய்ச் சேர்ந்த இரவு மழை பிடித்துக்கொண்டது. காலையில் ரெயின்கோட் மாட்டிக்கொண்டு வாயிலுக்குப் போனால், "ஓடையில் தண்ணீர் ஏறியிருக்கிறது, இன்று யாரையும் விட மாட்டோம்" என்றார் வனக் காவலர். எங்கள் பக்கத்து அறையில் நான்கு இளைஞர்கள் தங்கியிருந்தார்கள். மறுநாள் இரவு ஹரித்வாரில் அவர்களுக்கு ரயில். இரண்டு நாள் பயணம் செய்து, பத்து கிலோமீட்டர் ஏறி வந்தவர்கள், வாயிலோடு திரும்பி இறங்கிப் போனார்கள். அதில் ஒரு பையன் மூடிய கதவைப் படம் எடுத்துக்கொண்டான். பார்க்கவே பாவமாக இருந்தது.

நாங்கள் அறைக்குத் திரும்பி, ரஜாயைப் போர்த்திக்கொண்டு சீட்டு விளையாடினோம். தபாவில் சுடச்சுட ஆலு பரோட்டா. "இதுக்குத்தான்மா அந்த ஒரு நாள்" என்று கணவரே சொன்னார்.

மறுநாள் வாயில் திறந்தது. பூர்ஜ மரக் காட்டைக் கடந்து மேலே போனால், இளஞ்சிவப்பில் பால்சம் பூக்கள் ஆள் உயரத்துக்கு நிற்கின்றன. நீலப் பாப்பி, படமெடுத்த பாம்பு போல நாகலில்லி, நீலமும் மஞ்சளுமாகப் பெயர் தெரியாத எத்தனையோ. மேகம் இறங்கி வந்து எல்லாவற்றையும் மூடும். ஐந்து நிமிடத்தில் விலகும்.

பள்ளத்தாக்குக்குள் ஒரு கல்லறையும் இருக்கிறது. பூச்செடிகள் சேகரிக்க இங்கிலாந்திலிருந்து வந்த ஜோன் மார்கரெட் லெக் என்ற பெண், 1939-ல் பாறைச்சரிவில் வழுக்கி விழுந்து இங்கேயே இறந்தார். அவருடைய சகோதரி வந்து நிறுவிய நினைவுக்கல்லைச் சுற்றி இப்போதும் பூக்கள்.

அம்மா காங்காரியா வரை கழுதையில் வந்திருந்தார். பள்ளத்தாக்குக்குக் கண்டியில் வரச் சொன்னால், "இன்னொரு மனுஷன் முதுகுல உட்கார்ந்து பூ பாக்கணுமா?" என்று மறுத்துவிட்டார். மெல்ல நடந்து புஷ்பாவதி பாலம் வரை வந்தார். "என் பள்ளத்தாக்கு இதுவரைக்கும்தான். நீங்க போயிட்டு வாங்க" என்று பாறையில் அமர்ந்துகொண்டார். கணவர் அவருக்குத் துணையாக நின்றார். நானும் மகளும் மேலே போனோம். அடுத்த நாள் கணவரும் மகளும் ஹேம்குண்ட்; நான் அம்மாவோடு. யார் எதுவரை வருவது என்பதையும், எவரும் தனியாக விடப்படக் கூடாது என்பதையும் வீட்டிலேயே பேசி வைத்திருந்தோம். அதனால் மலையில் மனத்தாங்கல் எதுவும் இல்லை.

ஹேம்குண்டிலிருந்து திரும்பிய மகளின் கைபேசியில் பிரம்ம கமலம். நம் ஊர் மொட்டை மாடியில் ராத்திரியில் பூத்து, வாட்ஸ்அப்பில் வலம் வருமே, அது வேறு. அது மெக்சிகோ பக்கத்துக் கள்ளி இனம். அசல் பிரம்ம கமலம் இமயத்தின் உயரங்களில் பாறைகளுக்கு நடுவே, வெளிர்பச்சை மடல்களுக்குள் பொதிந்து பூப்பது. உத்தராகண்டின் மாநிலப் பூவும் அதுதான். விலைக்கு யாராவது நீட்டினாலும் வாங்காதீர்கள்.

கிளம்பும் முன் ஒரு சரிபார்ப்பு

பத்ரிநாத்துக்கும் ஹேம்குண்டுக்கும் உத்தராகண்ட் அரசின் இணையதளத்தில் யாத்திரைப் பதிவு அவசியம். பள்ளத்தாக்குக்கு நுழைவுச் சீட்டு தனி; ஆதார் அசல் கையில் இருக்கட்டும். மதியத்துக்குமேல் உள்ளே விடுவதில்லை, மாலைக்குள் வெளியே வந்துவிட வேண்டும். ஆகவே காலையிலேயே வாயிலில் நில்லுங்கள்.

ரெயின்கோட், பையை மூடும் உறை, இரண்டு செட் உலர்ந்த உடை, கம்பளிச் சட்டை, ஊன்றுகோல், டார்ச், வழக்கமான மருந்துகள் கட்டாயம். துணிகளைப் பிளாஸ்டிக் உறையில் போட்டு அடுக்குங்கள். மழையில் நனைந்தது அங்கே காயாது. ரொக்கம் போதுமான அளவு வேண்டும். கைபேசி சிக்னலை நம்பி எதையும் திட்டமிடாதீர்கள். பிஸ்கட் உறை ஒன்றுகூடக் கீழே விழாமல் திருப்பிக் கொண்டு வாருங்கள்.

விடுமுறை குறைவாக இருந்தால், இரண்டு கையிருப்பு நாளை வெட்டிப் பயணத்தைச் சுருக்கத்தான் முதலில் தோன்றும். அதற்குப் பதில் ஓர் இடத்தைக் குறைத்துக்கொள்ளுங்கள். ஹேம்குண்டை விட்டுவிட்டால் ஒரு நாள் மிச்சம். மாணாவை விட்டால் அரை நாள். வீட்டில் எல்லோரும் காகிதத்தைச் சுற்றி உட்காரும்போது, ஊர் திரும்பும் டிக்கெட் தேதியை மட்டும் கடைசியாக எழுதுங்கள்.