மிச்சம் 250 என்னாச்சு?

கல்யாணமாகி எட்டாவது மாசம். தங்கமணி விரல்ல மோதிரத்தைக் காணோம். ரெண்டு நாள் பொறுத்துப் பார்த்துட்டு மூணாவது நாள் கேட்டேன். "சும்மா கழட்டி வச்சிருக்கேன்"னு பதில். முகத்தைத் தூக்கி வச்சுக்கிட்டு ஆபீஸ் போயிட்டேன். பொட்டி தட்டிச் சேர்த்த காசில் நான் வாங்கிய முதல் நகை சார் அது! பதினெட்டு கேரட் வொயிட் கோல்டு.

ஒரு வாரம் கழிச்சுத்தான் விரலைக் காட்டினா. மோதிரம் இருந்த இடம் சுத்தி சிவந்து, தோல் உரிஞ்சு கிடந்தது. சொன்னா நான் வருத்தப்படுவேன்னு மறைச்சிருக்கா. தோல் டாக்டர் டெஸ்ட் எடுத்துச் சொன்னார்: நிக்கல் அலர்ஜி.

தங்கத்துல ஏது நிக்கல்? அப்புறம்தான் படிச்சேன். மஞ்சள் தங்கத்தை வெளுக்க வைக்க நிக்கலோ பல்லேடியமோ கலக்கணும். நிக்கல் மலிவு. பல்லேடியம் பிளாட்டினத்துக்குத் தங்கச்சி முறை. 1802-ல் வோலஸ்டன், பிளாட்டினத் தாதுவில் இருந்து பிரிச்செடுத்தது. லேசில் கறுக்காது. ஆனா கார் புகையைச் சுத்தப்படுத்தும் கருவிக்கும் இதுதான் வேணும். அந்தப் போட்டியில 2022 மார்ச்சில், உக்ரைன் போர் நேரம், ஒரு அவுன்ஸ் 3000 டாலரைத் தாண்டிட்டு அப்புறம் இறங்கியது.

சரி, முதல் சில மாசம் ஏன் ஒண்ணும் ஆகலை? மேலே ரோடியம் முலாம். அது தேய்ஞ்சதும் நிக்கல் தோலைத் தொட்டிருக்கு. டெஸ்டிங்ல பாஸாகி, லைவ் போன பிறகு வர்ற பக் மாதிரி!

கடைக்காரர் "ஹால்மார்க் இருக்கே சார்"ன்னார். பொய்யில்லை. 750 என்றால் ஆயிரத்தில் 750 பங்கு தங்கம். மிச்சம் 250 என்னன்னு அந்த முத்திரை சொல்லாது. நானும் கேட்கலை. கோடில் ஒரு லைப்ரரி சேர்த்தாலே அது எதையெல்லாம் இழுத்துட்டு வருதுன்னு குடையுறவன், பொண்டாட்டி விரல்ல போடுறதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்கலை.

நிக்கல் ஆகாத சிலருக்குப் பல்லேடியமும் ஆகாதாம். அதையும் டெஸ்ட் பண்ணி, ஒத்துக்கும்னு தெரிஞ்ச பிறகே புதுசு வாங்கினோம், 'நிக்கல் இல்லை, பல்லேடியம்'னு பில்லில் எழுதி வாங்கிக்கிட்டு. முலாம் வேண்டாம்னுட்டோம். லேசா சாம்பல் பூத்த வெள்ளை.

"என்னடா, வெள்ளி மோதிரமா?"ன்னாங்க அம்மா. தங்கமணி சிரிச்சா. கழட்டலை :-)