மகன் பிறந்த நேரம்!
பனிச்சறுக்குக் கட்டைகளில் மூச்சிரைக்க விரைந்து வந்து, சட்டென நின்று, 50 மீட்டர் தள்ளியிருக்கும் ஐந்து இலக்குகளைச் சுட வேண்டும். அதுதான் பயத்லான்.

2020 ஜனவரி. உலகக் கோப்பை சீசன் உச்சத்தில் இருந்தபோது நார்வே வீரர் யோஹன்னஸ் திங்னெஸ் போ வீட்டுக்குக் கிளம்பினார். மனைவிக்குப் பிரசவம். மகன் பிறந்தான், இரண்டு வாரப் பந்தயங்கள் போயின. அதற்குள் பிரான்ஸின் மார்ட்டின் ஃபூர்காட் முன்னேறிவிட்டார்.

மார்ச் 14, பின்லாந்து. கொரோனாவால் ரசிகர்களே இல்லாத மைதானம். ஃபூர்காட்டுக்கு அதுதான் கடைசிப் பந்தயம், ஜெயித்தவரும் அவரே. யோஹன்னஸுக்கு நான்காமிடம். ஆனால், சீசன் பட்டம்? வெறும் 2 புள்ளி வித்தியாசத்தில் யோஹன்னஸுக்கு!

அந்த 2 புள்ளி கைநழுவியிருந்தாலும் என்ன? பட்டத்தை அடுத்த வருடம் ஜெயிக்கலாம். மகன் பிறந்த நாள் திரும்ப வருமா?