ஸீவர்டில் ஒரு படகுப் பயணம்

சியாட்டிலில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போயிருந்தபோது, ஒரு ஜூலை மாதம் எங்களை அலாஸ்காவுக்கு அழைத்துப் போனாள். ஆங்கரேஜிலிருந்து தெற்கே 200 கிலோமீட்டர் போனால் ஸீவர்ட் என்ற சின்ன ஊர். 1867-ல் ரஷ்யாவிடமிருந்து 72 லட்சம் டாலருக்கு அலாஸ்காவை வாங்க ஏற்பாடு செய்த அமைச்சரின் பெயர் அது. கீனை பியார்ட்ஸ் தேசியப் பூங்காவைப் பார்க்க அங்கிருந்துதான் படகு ஏற வேண்டும்.

என் மனைவி வருவாளா என்பதுதான் சந்தேகமாக இருந்தது. அவள் நாகப்பட்டினத்துப் பெண். 2004-ல் அவளுடைய சித்தப்பா மகனைக் கடல் கொண்டுபோய்விட்டது. அதற்குப் பிறகு மெரினாவுக்குப் போனாலும் மணலோடு நின்றுவிடுவாள். ஸீவர்டில் இறங்கியதுமே அவள் கண்ணில் பட்டது சுனாமி எச்சரிக்கைப் பலகை. பெரிய அலை, மேட்டில் ஏறி ஓடும் ஒரு மனிதன்.

"இங்கேயுமாங்க?" என்றாள்.

இங்கேயும்தான். 1964 மார்ச் 27, புனித வெள்ளி. 9.2 அளவு நிலநடுக்கம். அலை வந்து துறைமுகத்தையே வாரிக்கொண்டு போயிற்று. நான் சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே நின்றாள். என்ன நினைத்தாளோ, எங்களுக்கு முன்னால் போய்ப் படகில் ஏறி, உள்ளே ஓர் இருக்கையில் உட்கார்ந்துகொண்டாள்.

விரிகுடாவுக்குள் தண்ணீர் குளம் மாதிரி. கடல் நீர்நாய் ஒன்று மல்லாந்து மிதந்தபடி, குட்டியை வயிற்றின் மேல் வைத்து நக்கிக்கொண்டிருந்தது. திமிங்கிலம், சீல் போலத் தோலுக்கடியில் கொழுப்பு இதற்குக் கிடையாது. அடர்ந்த ரோமம்தான் கம்பளி. அந்த ரோமத்துக்காகவே வேட்டையாடி, ஏறக்குறைய அழித்தேவிட்டார்கள். 1911-ல் ஓர் ஒப்பந்தம் வந்த பிறகுதான் பிழைத்தது. அதைப் பார்க்கத்தான் மனைவி முதல் தடவையாக வெளித்தளத்துக்கு வந்தாள்.

விரிகுடா தாண்டியதும் படகு ஆடியது. சிலர் பையைத் தேடினார்கள். பாறைகளில் கடல் சிங்கங்கள் ஒன்றன்மேல் ஒன்றாய்ப் படுத்து ஒரே கூச்சல். நாற்றமும் சொல்லி மாளாது. பஃபின் பறவைகள் நீருக்குள் அழகாக நீந்துகின்றன. ஆனால் மேலே எழும்ப அவை படும் பாடு! வயிறு முட்டச் சாப்பிட்டவன் பஸ் பிடிக்க ஓடுவது போல இருந்தது.

ஹோல்கேட் பனியாற்றின் முன்னால் படகோட்டி என்ஜினை நிறுத்தினார். மலைமேல் இருக்கும் ஹார்டிங் பனிவெளியிலிருந்து வழிந்து கடலில் முடியும் பனி அது. வெள்ளையாக இருக்கும் என்று நினைத்துப் போனால், நீலம். கெட்டிப்பட்ட பனி சிவப்பொளியை உறிஞ்சிக்கொண்டு நீலத்தை விட்டுவிடுமாம். சுற்றிலும் மிதந்த பனித்துண்டுகளிலிருந்து, எண்ணெயில் கடுகு வெடிக்கிற மாதிரி படபடவென்று சத்தம்.

திடீரென்று ஒரு பக்கச் சுவர் சரிந்தது. விழுந்ததைக் கண் பார்த்த பிறகுதான் இடி போன்ற ஓசை வந்து சேர்ந்தது. அதன் பின்னால் அலை. படகோட்டி நிதானமாகப் படகின் முகத்தை அலைக்கு நேராகத் திருப்பினார். மனைவி என் கையை நெரித்தாள். படகு ஏறியது, இறங்கியது, அவ்வளவுதான்.

கையை விட்டவள் கம்பியோரம் போய் நின்றாள். "ஏங்க, இன்னொண்ணு விழுமா?"

அரை மணி நேரம் காத்திருந்தோம். விழவில்லை. திரும்பும்போது குளிருதம்மா, உள்ளே வா என்று மகள் இரண்டு தடவை கூப்பிட்டாள். துறைமுகம் தெரியும்வரை அவள் வெளியிலேயே நின்றிருந்தாள்.