துப்பாக்கிக் கடையில் பேரம்

ரங்கநாதன் தெருவில் பேரம் பேசி ஜெயித்தவன் உலகத்தில் எங்கே போனாலும் ஜெயிப்பான் என்று ஒரு நினைப்பு எனக்கு இருந்தது. 250 ரூபாய் பெட்ஷீட்டை 110-க்கு வாங்கி, வீட்டுக்கு வந்து, பக்கத்து வீட்டுக்காரர் 90-க்கு வாங்கினார் என்று கேள்விப்பட்டு, ராத்திரி தூக்கம் வராமல் புரண்ட அனுபவசாலி நான். போதாக்குறைக்கு பி.காம். வேறு.

2023 செப்டம்பரில் அமெரிக்கா போயிருந்தபோது அந்த நினைப்பைக் கையோடு எடுத்துப் போயிருந்தேன். கஸ்டம்ஸில் யாரும் பிடிக்கவில்லை.

டெக்சாஸ் மாநிலத்தில் டல்லாஸுக்கு வடக்கே ஒரு புறநகர். பெரியப்பா மகன் அங்கே இருபது வருஷமாக இருக்கிறான். சிட்டிசன் ஆகிவிட்டான். ஒரு சனிக்கிழமை காலை இட்லி சாப்பிட்டுக்கொண்டே, “கிளம்புடா, துப்பாக்கி வாங்கப் போகணும்” என்றான். ஏதோ கொத்தமல்லி வாங்கப் போகிற மாதிரி! எனக்கு இட்லி தொண்டையில் நின்றது.

“அண்ணே, நாம சைவம்ணே!”

“நானும் சைவம்தான். தட்டைத்தான் சுடுவேன்.”

விஷயம் இதுதான். செப்டம்பர் முதல் தேதி அங்கே புறா வேட்டை சீசன் ஆரம்பம். ஆபீஸில் பாதிப் பேர் லீவு போட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள். அண்ணனுக்கு அதில் மனசில்லை. ஆனால் ஆபீஸ் நண்பர்களோடு ஒட்டவும் வேண்டும். அதனால் ‘களிமண் புறா’ சுடக் கற்றுக்கொண்டான். ஒரு மெஷின் ஆரஞ்சு நிறத் தட்டை ஆகாயத்தில் வீசும், அது கீழே விழுவதற்குள் சுட வேண்டும். (களிமண் என்று பெயர்தானே தவிர, அதில் இருப்பது தார்ப் பிசினும் சுண்ணாம்புக்கல் பொடியும்.) இதற்கு இதுவரை ஒரு சாதாரண ஷாட்கன் வைத்திருந்தான். இப்போது செகண்ட்ஹேண்டில் ஒரு பெரெட்டா மேல் கண் விழுந்துவிட்டது.

“விலை எவ்வளவுண்ணே?”

“650 டாலர்.”

“500-க்கு முடிச்சுக் குடுக்கறேன். நீங்க வாயைத் திறக்காதீங்க.”

அவன் வாயைத் திறந்திருக்கலாம்.

ஒரு பக்கம் டோனட் கடை, இன்னொரு பக்கம் பெண்கள் நகத்துக்குச் சாயம் பூசும் கடை. நடுவில் இது. உள்ளே போனதும் எனக்கு ஞாபகம் வந்தது நம்மூர் சலூன்தான். மூலையில் காபி பாத்திரம் ஓயாமல் காய்கிறது. நாலு நாற்காலியில் நாலு பெரிசுகள் உட்கார்ந்து ஊர்க்கதை பேசுகிறார்கள். காலடியில் ஒரு நாய் தூங்குகிறது. சுவரில் கொம்போடு ஒரு மான் தலை. எங்கும் எண்ணெய் வாசனை. சலூனில் கண்ணாடி இருக்கும் இடத்தில் இங்கே வரிசையாகத் துப்பாக்கிகள், ஒவ்வொன்றிலும் நூலில் கட்டித் தொங்கும் விலைச்சீட்டு. அவ்வளவுதான் வித்தியாசம்.

கடைக்காரருக்கு அறுபத்தைந்து வயது இருக்கும். அண்ணனைப் பார்த்ததும் பேர் சொல்லிக் கை குலுக்கினார். என்னைப் பார்த்து, “விசிட்டரா?” என்றார். ஆமாம் என்றதும், “கண்ணால எவ்வளவு வேணும்னாலும் பாருங்க, கை மட்டும் வேண்டாம்” என்றார். டூரிஸ்ட் விசாவில் வந்தவன் வேட்டை லைசென்ஸ் மாதிரி சில விதிவிலக்குகள் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது என்பது அவர்கள் நாட்டு மத்தியச் சட்டம். நான் கையைப் பின்னால் கட்டிக்கொண்டு, ஹெட்மாஸ்டர் ரூமுக்குள் வந்த பையன் மாதிரி நின்றேன்.

கையைத்தானே கட்டச் சொன்னார்? வாய் சும்மா இருக்குமா?

அதற்கு முன்னால் கணக்கைச் சொல்லிவிடுகிறேன். புதுத் துப்பாக்கியில் பேரத்துக்கு இடமே கிடையாது என்றான் அண்ணன், வரும் வழியில். கடைக்காரருக்கு நிற்பது நூற்றுக்குப் பத்தோ பதினைந்தோ. அதில் கிரெடிட் கார்டு கம்பெனி மூன்று சதவீதத்தைக் கொத்திக்கொண்டு போய்விடும். வாடகையைத் தேற்றுவது தோட்டா, உறை, துடைக்கும் எண்ணெய் மாதிரிச் சில்லறைச் சாமான்களில்தான். நம்மூர் மளிகைக்கடை அண்ணாச்சி அரிசியில் பார்க்காத லாபத்தைப் பெருங்காயத்தில் பார்ப்பாரே, அந்தக் கதை. விலைச்சீட்டில் விற்பனை வரி இருக்காது. அதற்கு மேல் மாநிலமும் உள்ளூரும் சேர்ந்து 8.25 சதவீதம் போடும். அதனால் விவரம் தெரிந்தவன் விலை கேட்க மாட்டான். ‘வாசலைத் தாண்டும்போது எவ்வளவு?’ என்றுதான் கேட்பான். பேரம் பேசினால் விலை குறைவது அபூர்வம். ஒரு டப்பா தோட்டா சும்மா கிடைக்கும். கறிவேப்பிலைக் கொசுறு!

செகண்ட்ஹேண்டில்தான் கொஞ்சம் இடம் உண்டு. அதிலும் சில துப்பாக்கிகளைக் கடைக்காரர் சொந்தமாக வாங்கி வைத்திருக்க மாட்டார். யாரோ ஒரு வாடிக்கைக்காரர் விற்றுத் தரச் சொல்லிக் கொடுத்திருப்பார், கடைக்குக் கமிஷன் மட்டும். இந்தப் பெரெட்டா அந்த ரகம். இதை அண்ணன் என்னிடம் சொல்லவில்லை.

கடைக்காரர் பெரெட்டாவை எடுத்துத் திறந்து, உள்ளே காலி என்று காட்டி, அண்ணன் கையில் கொடுத்தார். நான் ஆரம்பித்தேன். முதல் பாடம்: பொருளை மட்டம் தட்ட வேண்டும்.

“என்ன சார், கட்டையெல்லாம் தேய்ஞ்சிருக்கு! இதோ பாருங்க, எவ்வளவு நீளக் கீறல்! யாரோ விறகு பிளந்திருக்கான் போல. வெச்சிருந்த ஆளுக்குப் பொருளோட அருமை தெரியலை.”

நாற்காலிப் பேச்சு சட்டென்று நின்றது. கடைக்காரர் என் தோளுக்குப் பின்னால் பார்த்தார். நானும் திரும்பினேன். நாலு பெரிசுகளில் ஒருவர், தொப்பி போட்டவர், காபி கோப்பையையே உற்றுப் பார்த்துக்கொண்டிருந்தார்.

துப்பாக்கி அவருடையது. தோள்பட்டை வலி வந்து சுடுவதை விட்டுவிட்டாராம்.

அங்கேயே நான் நிறுத்தியிருக்க வேண்டும். ஆனால் பேரத்தில் பின்வாங்கினால் கெட்டது என்பது தி.நகர் வேதம். இரண்டாம் பாடத்துக்குத் தாவினேன். நீங்களும் செய்திருப்பீர்கள், இல்லை என்று சொல்லாதீர்கள். ‘எனக்கில்லைங்க, ஃப்ரெண்டு வாங்கிட்டு வரச் சொன்னான், இவ்வளவுதான் குடுத்து விட்டான்’ என்று பாவமாக மூஞ்சியை வைத்துக்கொள்வோமே, அதேதான்.

“உண்மையைச் சொல்றேன் சார். இது எங்களுக்கில்லை. ஒரு ஃப்ரெண்டுக்கு. 500 டாலர்தான் குடுத்து விட்டிருக்கான்.”

கடைக்காரர் ஒன்றும் பேசவில்லை. அண்ணன் கையிலிருந்து துப்பாக்கியை மெதுவாக வாங்கினார். பின்னால் திரும்பி அதன் இடத்தில் வைத்தார். “இன்னைக்கு இது விற்பனைக்கு இல்லை” என்றார்.

அண்ணன் முகம் வெளுத்துவிட்டது. “டேய், என்னடா சொல்லித் தொலைச்சே?” என்றான் தமிழில்.

நான் சொன்னது இதுதான். அந்த நாட்டில் கடையில் துப்பாக்கி வாங்குகிறவர் 4473 என்ற ஃபாரத்தை நிரப்ப வேண்டும். அதில் ‘நிஜமாக வாங்குகிறவர் நீங்கள்தானா?’ என்று ஒரு கேள்வி. அடுத்தவருக்காக வாங்கிவிட்டு ‘ஆம்’ என்று எழுதினால் அது குற்றம். 2022-ல் வந்த சட்டப்படி பினாமியாக வாங்கினால் 15 வருஷம் வரை உள்ளே போகலாம். அன்பளிப்பாக வாங்கித் தரலாம், தப்பில்லை. அடுத்தவன் காசை வாங்கிக்கொண்டு போனால்தான் வம்பு. சுவரில் இதற்கென்றே ஒரு போஸ்டர்: ‘அடுத்தவனுக்காகப் பொய் சொல்லாதே!’ நான் அதற்கு நேர் கீழே நின்றுகொண்டுதான் சொல்லியிருக்கிறேன்.

இதில் தள்ளுபடிக்கு ஆசைப்பட்டு மாட்டினவர் ஒருவர் உண்டு. வர்ஜீனியாவில் ஏப்ராம்ஸ்கி என்ற முன்னாள் போலீஸ்காரர். போலீஸுக்குத் தனி டிஸ்கவுண்ட் இருக்கிறதே என்று 2009-ல் தன் மாமாவுக்காக ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். மாமாவும் சட்டப்படி வாங்கத் தகுதி உள்ளவர்தான். ஆனாலும் ஃபாரத்தில் பொய் பொய்தானே என்று வழக்கு சுப்ரீம் கோர்ட் வரை போய், 2014-ல் ஐந்துக்கு நாலு என்று தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. எத்தனை டாலர் மிச்சம் பிடிக்கப் போய் எத்தனை வருஷக் கோர்ட் செலவு! நம்மாளாகத்தான் இருப்பாரோ என்று தோன்றியது.

“தம்பி தெரியாம சொல்லிட்டான், எங்க ஊர்ல பேரம் பேசற பழக்கம் அது” என்று அண்ணன் கெஞ்சினான். கடைக்காரர் அவனை ரொம்ப நேரம் பார்த்தார். “உன்னை எனக்குத் தெரியும். அதனாலதான் இன்னும் பேசிக்கிட்டிருக்கேன். வேற ஆளா இருந்தா இந்நேரம் வாசல்ல” என்றார்.

அந்த ‘உன்னை எனக்குத் தெரியும்’ சும்மா வந்ததில்லை. 2018-ல் அண்ணன் இதே கடையில் அரை மணி நேரம் ஒரு துப்பாக்கியைத் தோளில் வைத்துப் பார்த்துவிட்டு, வீட்டுக்குப் போய் இன்டர்நெட்டில் 40 டாலர் குறைவாக ஆர்டர் செய்திருக்கிறான். அங்கே துப்பாக்கி நேராக வீட்டுக்கு வராது. லைசென்ஸ் உள்ள உள்ளூர்க் கடைக்கு வந்து, ஃபாரம், சரிபார்ப்பு எல்லாம் முடிந்துதான் கைக்கு வரும். அண்ணன் எந்தக் கடை முகவரியைக் கொடுத்தான் தெரியுமா? இதே கடை! கடைக்காரர் முகம் சுளிக்காமல் ஃபாரம் வேலைக்கு 30 டாலர் வாங்கிக்கொண்டு கொடுத்தார். மிச்சம் 10 டாலர்.

2020 வந்தது. கொரோனா, வேலை பயம், ஊர்க் கலவரம். ஜனங்கள் கடைகளைக் காலி செய்தார்கள். துப்பாக்கி வாங்குவோரைச் சரிபார்க்கும் எஃப்.பி.ஐ. கணக்கில் 2019-ல் 2.8 கோடியாக இருந்த சோதனைகள் அந்த ஒரே வருஷத்தில் 3.9 கோடியைத் தாண்டின. தோட்டா கிடைக்காமல் அலைந்தான் அண்ணன். வால்மார்ட்டில் அலமாரி காலி. இங்கே வந்து கேட்டால், “இல்லையே.” பேசிக்கொண்டிருக்கும்போதே தொப்பிக்காரர் வர, கவுன்ட்டருக்கு அடியிலிருந்து ஒரு டப்பா மேலே வந்தது. அதே விலை, ஒரு சென்ட் கூடுதல் இல்லை. அண்ணனுக்குச் சுருக்கென்றது. அன்றிலிருந்து பிரஷ் வாங்குவதாக இருந்தாலும் இங்கேதான்.

எனக்கும் சுருக்கென்றது. 2015 டிசம்பர் வெள்ளத்தில் பால் பாக்கெட் கண்டபடி விலை போனபோது, எங்கள் தெரு அண்ணாச்சி நோட்டில் பேர் இருந்தவர்களுக்கு மட்டும் பழைய விலைக்கு எடுத்து வைத்திருந்தார். நான் அதற்கு ஆறு மாசம் முன்புதான் சூப்பர் மார்க்கெட்டுக்கு மாறியிருந்தேன்.

கொஞ்சம் கழித்து, கோபம் தணிந்து, கடைக்காரர் எனக்கும் ஒரு காபி ஊற்றினார். போஸ்டருக்குப் பக்கத்தில் சின்னதாக இன்னொரு காகிதம் ஒட்டியிருந்தது. அது என்ன என்று கேட்டேன். நியூ ஹாம்ப்ஷயரில் 2009-ல் ஒரே வாரத்துக்குள், ஒருவரையொருவர் தெரியாத மூன்று பேர் ஒரே கடையில் துப்பாக்கி வாங்கி, சில மணி நேரத்திலேயே உயிரை மாய்த்துக்கொண்டார்கள். அந்தக் கடைக்காரர் ஆடிப்போனார். டாக்டர்களும் கடைக்காரர்களும் சேர்ந்து, வருகிறவன் மனசு சரியில்லாதவனா என்று எப்படிக் கவனிப்பது, எப்படி விற்காமல் அனுப்புவது என்று குறிப்பு தயாரித்தார்கள். அது மற்ற மாநிலங்களுக்கும் பரவியது. அமெரிக்காவில் துப்பாக்கியால் சாகிறவர்களில் பாதிக்கு மேல் தற்கொலை என்பது எனக்கு அன்றுதான் தெரியும்.

“நீங்க யாரையாவது அப்படித் திருப்பி அனுப்பியிருக்கீங்களா?”

காபியை ஒரு வாய் குடித்தார். “ஒருத்தரை. பதினஞ்சு வருஷ வாடிக்கை. மனைவி இறந்து ரெண்டு வாரம். எப்பவும் விலை கேட்டு ஒரு மணி நேரம் உயிரை எடுக்கிற மனுஷன். அன்னைக்கு விலையே கேக்கலை. சீட்டைக்கூடப் பார்க்கலை, கார்டை நீட்டினார். எனக்கு அடிவயித்துல என்னவோ பண்ணிச்சு. கம்ப்யூட்டர் வேலை செய்யலைன்னு பொய் சொல்லி உட்கார வெச்சேன். சாயங்காலம் வரைக்கும் உட்கார்ந்திருந்தார். அப்புறம் அவர் மகளுக்குப் போன் பண்ணினேன்.”

நான் மெல்ல நாற்காலிப் பக்கம் பார்த்தேன். அங்கே நாலு பேரும் ஃபுட்பால் பேசிக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரா என்று நான் கேட்கவில்லை. அவரும் சொல்லவில்லை.

துப்பாக்கி என்றாலே எனக்கு ஆகாது. இப்போதும் ஆகாது. ஆனால் அந்தக் காபி நன்றாக இருந்தது.

அண்ணன் வெறுங்கையோடு திரும்பினான். வீடு வரை என்னோடு பேசவில்லை. நான் ஊருக்குக் கிளம்பி வந்த பிறகு, ஒரு சனிக்கிழமை தனியாகப் போயிருக்கிறான். ராத்திரி போன் வந்தது.

“முடிஞ்சுதுடா. 600. வரியோட 649 டாலர் 50 சென்ட். உறையும் ரெண்டு டப்பா தோட்டாவும் சும்மா.”

“பேசினீங்களாண்ணே?”

“நான் எங்கடா பேசினேன்? தொப்பிக்காரரே எந்திரிச்சு வந்து அம்பதைக் குறைச்சுக்கச் சொல்லிட்டார். உன்னைத்தான் கேட்டார். அந்தக் கீறல், அவர் மகன் பன்னெண்டு வயசுல முள்வேலி தாண்டும்போது விழுந்து பட்டதாம். பையன் இப்ப இல்லையாம். பாலிஷ் போட்டு அதை மட்டும் எடுத்துடாதேன்னு கேட்டுக்கிட்டார்.”

“நீங்க என்ன சொன்னீங்க?”

“எடுக்க மாட்டேன்னு சொன்னேன்.”