மேசைக்கு அந்தப் பக்கம் இருப்பவர்களுக்கு

அன்புள்ள சிற்றிசன்ஸ் அட்வைஸ் தொண்டர்களுக்கு,

இந்த நன்றியைத் தமிழில் எழுதுகிறேன். உங்களில் அநேகருக்கு யாராவது இதை வாசித்துச் சொல்லவேண்டி வரும். இருந்தாலும் உங்களுக்கு நன்றி சொல்லும்போது எங்கள் சனமும் அதைக் கேட்கவேண்டும் என்று விரும்புகிறேன். லண்டனில் ஈஸ்ற்ஹாமிலும் ஹரோவிலும் ரூட்டிங்கிலும், பில்லுக்குப் பயந்து ஹீற்றரை நிறுத்திவிட்டு ஒரே அறைக்குள் ஒடுங்கியிருக்கிற எங்கள் மூத்தவர்கள் பலருக்கு நீங்கள் இருப்பதே தெரியாது.

2025 தை மாதம் என் பெரியம்மாவை உங்களிடம் கூட்டிவந்தேன். பெரியப்பா காலமான பிறகு அவர் ஒரு சிறிய ஃபிளாற்றில் தனியாக இருக்கிறார். அங்கே முன்பணம் போடும் மீற்றர்தான். கறண்டுக்கு ஒரு கீ, காஸுக்கு ஒரு கார்ட். மூலைக் கடையில் ஐந்து பவுண், பத்துப் பவுண் என்று ஏற்றிக்கொண்டு வந்து மீற்றரில் செருகவேண்டும். உங்களிடம் வர அவர் இலேசில் சம்மதிக்கவில்லை. "உதெல்லாம் இல்லாத சனத்துக்குக் குடுக்கிறது பிள்ளை. நான் போய் நிண்டால் பாக்கிற ஆக்கள் என்ன கதைப்பினம்?" என்றார். கை, கால் நன்றாக இருக்கும்வரை ஒருவரிடம் போய்க் கேட்கக்கூடாது என்று வளர்ந்த தலைமுறை. அந்த ரோசத்தை நான் மதிக்கிறேன். ஆனால் அந்த ரோசம் அவரை நெஞ்சுச் சளியோடு குளிரில் இருத்தி வைத்திருந்தது.

உங்கள் மேசையில் இருந்தவர் தலை நரைத்த ஒரு மனிதர். பாஸ்போட், பாங்க் கடிதம் எதையும் அவர் முதலில் கேட்கவில்லை. பெரியம்மாவின் முகத்தைப் பார்த்து, "இரவில் எந்த அறையில் படுக்கிறீர்கள்?" என்று கேட்டார். நான் தமிழில் சொன்னேன். பெரியம்மா கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, முன்னறைக் கதிரையில் சாய்ந்துதான் படுக்கிறேன், படுக்கையறைச் சுவரெல்லாம் ஈரம், அலுமாரிக்குப் பின்னால் கறுப்பாய்ப் பூஞ்சணம் பிடித்திருக்கிறது என்றார். பிள்ளைகளுக்கும் எனக்கும் அவர் அதுவரை சொல்லாத விசயம் அது. உலக சுகாதார நிறுவனம் வீட்டுக்குள் குறைந்தது 18 பாகை செல்சியஸ் வெப்பம் இருக்கவேண்டும் என்கிறது. முதியவர்களுக்கு அதைவிடக் கூடுதலாகத் தேவைப்படலாம் என்றும் சொல்கிறது. அந்த வீட்டில் மூச்சு விட்டால் ஆவி தெரிந்தது.

அடுத்து அவர் மீற்றரின் படத்தைக் கேட்டார். பெரியம்மாவுக்குப் பெரிய மர்மமாக இருந்த ஒரு கணக்கு அப்போதுதான் தெளிந்தது. ஐப்பசியில் காஸ் கார்ட்டில் இருபது பவுண் போட்டால் ஏழெட்டுத்தான் மீற்றரில் நிற்கிறது, மிச்சம் எங்கே என்று அவர் கேட்டுக்கொண்டே இருப்பார். கடைக்காரத் தம்பி பிழை விடுகிறாரோ என்றுகூட யோசித்திருக்கிறார். காஸைத் தொட்டும் பார்க்காத நாளிலும் நிலையான கட்டணம் என்று அப்போது சுமார் 30 பென்ஸ் ஏறியது. பெரியம்மா சமைப்பது கறண்ட் அடுப்பில். ஆகவே கோடை முழுவதும் காஸ் கார்ட்டில் பணம் போடமாட்டார். அந்த மாதங்களின் கட்டணம் கடனாகச் சேர்ந்து, குளிர் தொடங்கிப் போடுகிற முதல் பணத்தில் கழிகிறது. கோடையிலும் மாதத்துக்குக் கொஞ்சம் போட்டுவையுங்கள் என்று உங்கள் ஆள் சொன்னார். இந்த ஒரு வரியை இத்தனை வருடத்தில் அவருக்கு வேறு எவரும் சொல்லித் தரவில்லை.

பிறகு அவர் காஸ் நிறுவனத்துக்குத் தொலைபேசி எடுத்தார். நெடுநேரம் பாட்டுப் போட்டுக் காக்கவைத்தார்கள். அவர் ஒரு கையால் போனைப் பிடித்தபடி மறுகையால் பெரியம்மாவுக்கு எந்தக் கடிதம் எதற்கு என்று பிரித்து அடுக்கிக் கொடுத்தார். கடைசியில், ஒவ்வொரு முறையும் கடனுக்காகக் கழிக்கிற தொகையைக் குறைக்கச் செய்தார். ஒருவரால் எவ்வளவு கட்டமுடியும் என்பதைப் பார்த்துத்தான் கடனை அறவிடவேண்டும் என்று நிறுவனங்களுக்கு விதி இருக்கிறது. அந்த விதியை எடுத்துச் சொல்ல ஒரு குரல் வேண்டியிருந்தது. அன்றைக்கே ஒரு வவுச்சரும் கிடைத்தது. கடையில் அதைக் கொடுத்தோம், கார்ட்டில் ஏறியது, அன்றிரவு றேடியேற்றர் சுட்டது.

அவர் செய்த பெரிய காரியம் பென்சன் கிரெடிற் விண்ணப்பம். பெரியம்மாவைப்போல நடுவயதில் இந்த நாட்டுக்கு வந்தவர்களின் அரச ஓய்வூதியம் சிறியது. முழு ஓய்வூதியத்துக்கு இன்று 35 வருட நஷனல் இன்சூரன்ஸ் கணக்கு வேண்டும். பென்சன் கிரெடிற் அந்தக் குறையை ஈடுசெய்வதற்கென்றே இருக்கிறது. அது கிடைத்தால் வேறு பல கதவுகளும் திறக்கும். கறண்ட் பில்லில் 150 பவுண் குறைக்கிற வோர்ம் ஹோம் டிஸ்கவுன்ற் கிடைக்கும். கார்த்திகை முதல் பங்குனி வரை, தொடர்ந்து ஏழு நாள் சராசரி வெப்பம் சுழியத்திலோ அதற்குக் கீழேயோ இருந்தால் 25 பவுண் கோல்ட் வெதர் கொடுப்பனவு வரும். கவுன்சில் வரியும் குறையலாம். தகுதி இருந்தால் மூன்று மாதம்வரை பின்தேதியிட்டும் தருவார்கள். பெரியம்மாவுக்கு அப்படித்தான் நிலுவை வந்தது.

இந்த இடத்தில் அரசாங்கத்தைப் பற்றி என் மனதில் உள்ளதையும் சொல்லவேண்டும். 1997 இல் கோர்டன் பிரௌன் கொண்டுவந்த குளிர்கால எரிபொருள் கொடுப்பனவு, எவரும் கேட்காமலே வங்கிக்கு வந்து விழுகிற உதவியாக இருந்தது. 80 வயதுக்குக் கீழே 200 பவுண், மேலே 300. 2024 ஆடியில் நிதியமைச்சர் ரேச்சல் ரீவ்ஸ் அதைப் பென்சன் கிரெடிற் போன்ற உதவி பெறுவோருக்கு மட்டும் என்று ஒடுக்கினார். ஏறத்தாழ ஒரு கோடி ஓய்வூதியர் அந்தக் குளிர்காலத்தில் அதை இழந்தார்கள். வசதியானவர்களுக்கு அது பெரிய நட்டமில்லை. ஆனால் தகுதி இருந்தும் விண்ணப்பிக்காத பெரியம்மா போன்றவர்களுக்கு இரண்டும் இல்லாமல் போயிற்று. படிவம் தெரியாதவர்தான் பெரும்பாலும் பணமும் இல்லாதவர் என்பதை அந்த முடிவை எடுத்தவர்கள் கணக்கில் எடுக்கவில்லை. அது பிழையான முடிவு. 2025 ஆனியில் அரசாங்கம் அதை மாற்றி, ஆண்டு வருமானம் 35,000 பவுணுக்கு மேற்படாத ஓய்வூதியருக்கு மீண்டும் வழங்க முன்வந்தது. அடுத்த குளிர்காலத்தில் பெரியம்மாவின் கணக்குக்கு 200 பவுண் தானாகவே வந்தது.

எல்லா உதவியும் தானாக வருவதில்லை. 2022-23 குளிர்காலத்தில் எல்லா வீட்டுக்கும் 400 பவுண் கொடுத்தபோது, மாதக் கட்டணம் செலுத்துவோருக்கு அது கணக்கிலேயே கழிந்தது. பழைய முன்பண மீற்றர் வைத்திருந்த வீடுகளுக்கு மட்டும் வவுச்சர் அனுப்பினார்கள். யாருக்கு அவசரத் தேவையோ அவர்களுடைய வவுச்சர்களில் கணிசமானவை கடைக்குப் போகாமலே காலாவதியாயின. அதனால்தான் உங்கள் மேசை வேண்டும் என்கிறேன். உலகப்போர் அறிவிக்கப்பட்டதற்கு அடுத்த நாள், 1939 செப்டெம்பர் 4 ஆம் தேதி, உங்கள் முதல் நிலையங்கள் திறந்தன. சம்பளம் வாங்காத ஆயிரக்கணக்கானோர் இன்றும் அந்த மேசைகளில் இருந்து, அந்நியர்களின் பில்லுகளைத் தங்கள் வீட்டுப் பில்லுகள்போல் வரிவரியாக வாசிக்கிறார்கள்.

எழும்பும்போது பெரியம்மா உங்கள் ஆளைக் கையெடுத்துக் கும்பிட்டார். அவரும் எழுந்து நின்று கும்பிட்டார். அந்த மரியாதைக்குத் தனியாக ஒரு நன்றி. இரந்து வந்தவர் என்ற எண்ணத்தை ஒரு கணமும் பெரியம்மாவுக்கு நீங்கள் தரவில்லை.

இனி எங்கள் ஆட்களுக்கு. அம்மா, அப்பா தனியாக இருந்தால் மீற்றரையும் படுக்கையறைச் சுவரையும் நீங்களே போய்ப் பாருங்கள். "எனக்கு ஒண்டும் வேண்டாம்" என்று அவர்கள் சொல்வதோடு விட்டுவிடாதீர்கள். விசாவில் அரச உதவி பெற முடியாது என்று போட்டிருந்தால் பென்சன் கிரெடிற் கிடைக்காது. ஆனால் அறநிலையங்கள் தருகிற உதவி அரச நிதியில் சேராது. ஆகவே விண்ணப்பிக்குமுன் ஒருமுறை ஆலோசனை கேளுங்கள். கடைசி பில், மீற்றர் கார்ட், நஷனல் இன்சூரன்ஸ் இலக்கம், வங்கி விபரம் ஆகியவற்றை எடுத்துக்கொண்டு போங்கள். நேரே விண்ணப்பிக்க விரும்புகிறவர்களுக்குப் பென்சன் கிரெடிற் இலக்கம் 0800 99 1234. அழைப்புக்குக் கட்டணமில்லை, தமிழ் மொழிபெயர்ப்பாளர் வேண்டுமென்று கேட்கலாம்.


பெரியம்மாவின் பெறாமகள்