மீன் செத்த அன்று நாங்கள் படித்த பாடம்



பாடசாலைத் தோட்டத்துத் தொட்டியில் மீன் செத்த கதை ஊருக்குள் பலவிதமாக உலாவுகிறது. யாரோ நஞ்சு போட்டார்கள் என்றும் ஒரு பேச்சு. அப்படி யாரும் போடவில்லை. பிழை எங்களுடையது. அதைச் சொல்லத்தான் இந்தப் பதிவு.

2022இல் சாமான் விலை ஏறிய நேரம் தரம் 9 பிள்ளைகளோடு தொடங்கிய தோட்டம் இது. தொட்டியில் திலாப்பியா, மேலே சல்லி நிரப்பிய பாத்தியில் கொச்சிக்காய், கங்குன், சலாது. மீன் கழிவில் வரும் அமோனியாவை சல்லியில் வாழும் பற்றீரியாக்கள் முதலில் நைத்திரைற்றாகவும் பிறகு நைத்திரேற்றாகவும் மாற்றும். அதைச் செடி குடிக்கும். சுத்தமான தண்ணீர் திரும்பவும் மீனுக்கு. பசளைச் செலவு பெரிதாக இல்லை.

போன தவணையில் கொச்சிக்காய் இலை சுருண்டது. திருப்பிப் பார்த்தால் அடியில் அழுக்கணவன். வீட்டுத் தோட்டத்தில் செய்வதுபோல வேப்பெண்ணெயில் சவர்க்காரம் கரைத்து அடித்தோம். "இயற்கை மருந்துதானே" என்று நினைத்தோம். இலையில் வழிந்தது சல்லிக்குள் இறங்கி நேரே தொட்டிக்குப் போனது. சவர்க்காரம் மீனின் பூவைத்தான் முதலில் கெடுக்கும். காலையில் முப்பது மீனில் இருபத்திரண்டு மிதந்தன. ஒரு பிள்ளை கேட்டது: "சேர், பூச்சிக்குத்தானே அடிச்சோம்?" எங்களிடம் பதில் இல்லை.

பிறகுதான் கேள்வியை மாற்றிக் கேட்டோம். பூச்சியை எப்படிக் கொல்வது என்பதை விட்டுவிட்டு, செடி ஏன் நலிந்தது என்று தேடினோம். புதுத் தளிர் மஞ்சள், நரம்பு மட்டும் பச்சை. அது இரும்புக் குறைபாடு. மீன் தீனில் இரும்பு குறைவு. அதோடு எங்கள் தண்ணீரின் பீஎச் 7.6. அந்த அளவில் இருக்கிற இரும்பையும் வேர் எடுக்காது. காரணம் சல்லிக்குள் கிடந்தது. ஒரு பிடி எடுத்து வினாகிரி ஊற்றினோம், நுரைத்தது. கடற்கரைச் சிப்பித் துண்டுகள்! சல்லியை மாற்றி, கருங்கல் போட்டோம். செடிக்கென்று விற்கும் கீலேற்று இரும்பு கொஞ்சம் தண்ணீரில் சேர்த்தோம். நெருக்கி நட்டதைக் கலைத்துக் காற்றோட்டம் விட்டோம்.

இப்போது பூச்சி கண்டால் வெறும் தண்ணீரை இலையின் அடியில் வேகமாகப் பீச்சுகிறோம். எறும்பு ஏறும் தண்டைக் கவனிக்கிறோம், அழுக்கணவனைக் காவல் காப்பதே அதுதான். முற்றிய மஞ்சள் இலையை உடனே கிள்ளுகிறோம். பொறிவண்டின் குடம்பி குட்டி முதலைபோல இருக்கும். முன்பு அதையும் நசுக்கினோம். இப்போது பிள்ளைகள் அதைத் தொட விடுவதில்லை.

அழுக்கணவன் முற்றாகப் போகவில்லை. போகவும் தேவையில்லை, பொறிவண்டுக்கும் சாப்பாடு வேண்டுமே. ஆனால் புதுத் தளிர் பச்சையாக விரிகிறது. மிஞ்சிய எட்டு மீனும் நலம், அல்ஹம்துலில்லாஹ்.

வீட்டில் இப்படித் தொட்டி வைத்திருப்பவர்களிடம் ஒரு வேண்டுகோள். அடிக்கிற எதுவும் மீனுக்குத்தான் போய்ச் சேரும். போத்தலைத் தூக்குமுன் இலையைத் திருப்பிப் பாருங்கள், தண்ணீரைச் சோதியுங்கள். சந்தேகம் இருந்தால் பாடசாலைக்கு வாருங்கள், பிள்ளைகளே விளக்குவார்கள். அந்த இருபத்திரண்டு மீனுக்கும் நாங்கள் செய்யக்கூடியது அவ்வளவுதான்.