லாபிஸில் டுரியான் காய்ச்சிய நாள்

பெரியம்மாவுக்கு ஆப்பிள் என்றால் காய்ச்சல்காரருக்கு வாங்கிப் போகும் பழம். அதனால் ஒரு போத்தலில் பழுப்பு நிறத்தில் எதையோ நீட்டி, "இது ஆப்பிள், பெரியம்மா. நானே செஞ்சது" என்றபோது, முதலில் என் முகத்தைத்தான் பார்த்தார். யாருக்கு உடம்பு சரியில்லை என்று யோசித்திருப்பார்.

ஒரு சிறு கரண்டி எடுத்து வாயில் வைத்தார். நாக்கைச் சப்புக் கொட்டினார். "பட்டை போட்டிருக்க. இனிப்பு கம்மி. இது நம்ம லெம்போக் மாதிரிதானே? பழம்தான் வேற" என்றார்.

அந்த ஒரு வாக்கியம்தான் என்னை இந்த ஜூலையில் ஒரு ஸ்லோ குக்கரைக் காரின் பின்சீட்டில் வைத்து, பெல்ட் மாட்டி, லாபிஸுக்கு ஓட்டிப் போக வைத்தது.

எனக்குச் சிங்கப்பூரில் வேலை, ஜொகூர் பாருவில் வாடகை வீடு. விடியற்காலை நாலரைக்குப் பாலத்தைக் கடக்கக் கிளம்பினால் திரும்பி வர இரவு எட்டு. இந்தப் பிழைப்புக்காகத்தான் ஸ்லோ குக்கரை வாங்கினேன். காலையில் பருப்பையும் காயையும் போட்டுவிட்டுப் போனால் இரவு சாம்பார் தயாராக இருக்கும். ஒரு சனிக்கிழமை, மலிவாகக் கிடைத்த ஆப்பிள் இரண்டரைக் கிலோவை நறுக்கிப் போட்டு, கொஞ்சம் சீனியும் பட்டையும் சேர்த்து, பத்து மணி நேரம் விட்டேன். மூன்று போத்தல் ஆப்பிள் பட்டர் கிடைத்தது.

பெயரில்தான் பட்டர், உள்ளே ஒரு துளி வெண்ணெய் கிடையாது. ரொட்டியில் வெண்ணெய் போலத் தடவ வருவதால் அந்தப் பெயர். அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் குடியேறிய ஜெர்மானிய விவசாயிகள் இதற்குப் பேர்போனவர்கள். அறுவடை முடிந்ததும் முற்றத்தில் தீ மூட்டி, பெரிய செம்புக் கொப்பரையை ஏற்றி, நீளக் காம்பு வைத்த மரத்துடுப்பால் பகல் முழுக்க ஆள் மாற்றி ஆள் கிண்டுவார்கள். குளிர்காலத்துக்கான சேமிப்பு அது. இதைப் படித்தபோது எனக்குப் பென்சில்வேனியா ஞாபகத்துக்கு வரவில்லை. லயத்துக்குப் பின்னால் மூன்று கல் அடுப்பில் ஏறியிருந்த குவாலிதான் வந்தது.

யோங் பெங்கில் நெடுஞ்சாலையை விட்டு இறங்கி, சாஆ வழியாகப் பழைய கூட்டரசுச் சாலையில் போனால் லாபிஸ். ஜொகூர் பாருவிலிருந்து ஏறக்குறைய இரண்டு மணி நேரம். இரண்டு பக்கமும் செம்பனை, நடுநடுவே சாலையோர டுரியான் கொட்டகைகள். சிகாமட் மாவட்டத்துச் சின்னப் பட்டணம் இது. கடைவீதியை மெதுவாக ஓட்டினாலும் சில நிமிடத்தில் கடந்துவிடலாம். 1909-இல் ஜொகூர் பாரு வரை முடிந்த ரயில்பாதை இந்த ஊர் வழியாகத்தான் போகிறது. இப்போது மின்சார இரட்டைத் தண்டவாளம் வந்திருக்கிறது. வெளியூர்க்காரர்கள் சுடுநீர் ஊற்றுக்கு வருவார்கள். பெக்கோக் பக்கமாக எண்டாவ் ரொம்பின் காட்டுக்குப் போகிறவர்கள் இங்கே பசியாறிவிட்டுப் போவார்கள். மற்றபடி, இங்கே பிறந்து இங்கிருந்து கிளம்பியவர்கள்தாம் அதிகம் என்று எனக்குத் தோன்றும். நானும் அதில் ஒருத்தி.

பெரியம்மா இப்போது அண்ணனோடு பட்டணத்துத் தாமானில் இருக்கிறார். தோட்டத்து லயம் இடிக்கப்பட்டுப் பல வருடமாகிவிட்டது. லயத்துக்குப் பின்னால் தாத்தா நட்ட மூன்று டுரியான் மரங்கள் மட்டும் செம்பனைக்கு நடுவே நிற்கின்றன. நிலம் தோட்டத்துடையது, மரமும் சட்டப்படி தோட்டத்துடையதுதான். ஆனால் காவலாளி பழைய ஆள். பழக்காலத்தில் பெரியம்மா வந்தால் கேட்டைத் திறந்துவிடுவார்.

ஞாயிறு காலை ஆறரைக்குப் போனோம். மரத்தடியில் போய் நின்றதும் பெரியம்மா பேச்சை நிறுத்திவிட்டார். இடுப்பளவில் மூன்று மரத்திலும் சிவப்புச் சாயம் அடித்திருந்தது. கிழட்டுச் செம்பனைகளைத் தள்ளிவிட்டு மறுநடவு செய்யப் போகிறார்களாம். செம்பனையை இருபத்தைந்து வருடத்துக்கு ஒருமுறை மாற்றுவது வழக்கம்தான். குலை எட்டாத உயரத்துக்குப் போய்விடும், காய்ப்பும் குறைந்துவிடும். இந்தச் சுற்றில் இடையில் நிற்கும் எதையும் விடப் போவதில்லை என்று காவலாளி தயங்கித் தயங்கிச் சொன்னார். அடுத்த பழக்காலத்துக்கு இவை இருக்காது.

"சரி, பொறுக்கு" என்றார் பெரியம்மா.

பத்தொன்பது பழம் கிடைத்தது. முசாங் கிங் எல்லாம் இல்லை. 1993-இல் டி197 என்று பதிவான அந்த ராஜாவுக்குக் கிடைக்கும் மரியாதை இந்தக் கம்போங் பழங்களுக்குக் கிடையாது. கொட்டை பெரிசு, சதை மெல்லிசு, ஒரு மரத்துப் பழம் கசக்கும், இன்னொன்று பாலாக இனிக்கும். பழம் பெருத்துவிட்ட வாரத்தில் விலையும் சரிந்து கிடக்கும். விற்கவும் முடியாமல், தின்றும் தீராமல் போகும் இந்தப் பழங்களுக்காகத்தான் லெம்போக் என்ற ஒன்றே உண்டானது என்று நினைக்கிறேன். நல்ல ஜாதிப் பழத்தைக் காய்ச்சுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும்.

வரும் வழியில் பெரியம்மா ஒரு கதை சொன்னார். 1964 செப்டம்பர் 2 அதிகாலை இருட்டில், கொன்ஃபிரன்டாசி சமயம், இந்தோனேசிய பாராசூட் வீரர்கள் லாபிஸ் சுற்றுவட்டாரத்தில் இறங்கினார்கள். இடிமழையில் சிதறிப் போனவர்களைப் படையினர் வாரக்கணக்கில் தேடினார்கள். இதெல்லாம் வரலாற்றுப் புத்தகத்தில் இருக்கிறது. பெரியம்மாவுக்கு அப்போது ஐந்து வயது. அவர் வைத்திருக்கும் வரலாறு வேறு: "காட்டோரம் யாரும் போகக் கூடாதுன்னுட்டாங்க. பழமெல்லாம் விழுந்து விழுந்து அழுகுது. வாசம் மட்டும் லயத்துக்கு வருது. பாட்டி அழுதுச்சு தெரியுமா?"

லெம்போக் செய்யப் பெரியம்மாவுக்குக் கற்றுக் கொடுத்தவர் பக்கத்துக் கம்போங்கிலிருந்த ஒரு மாக்சிக். கித்தா விறகு, பெரிய குவாலி, துடுப்பு. ஒரு கை விறகைத் தள்ளும், ஒரு கை கிண்டும். நிறுத்தினால் அடிப்பிடிக்கும். பால்மரம் சீவிவிட்டு வந்து, குளித்து, சமைத்து, அதற்குப் பிறகு எட்டு மணி நேரம். நாங்கள் சின்னப் பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, துடுப்பில் ஒட்டியதை வழித்துத் தின்போம். எங்களுக்கு அது திருவிழா. பெரியம்மாவுக்கு அது இன்னொரு வேலைநாள் என்பது எனக்கு வேலைக்குப் போன பிறகுதான் புரிந்தது.

நாளுக்கு நானூறு, ஐந்நூறு மரம் என்று முப்பது வருடத்துக்கு மேல் சீவிய கை அது. உளியை இழுக்கும் ஒவ்வொரு இழுப்பும் மணிக்கட்டில்தான் விழும். இப்போது வலது கை இரவில் மரத்துப் போகிறது. சட்டையில் பொத்தான் போட நேரமாகிறது. குவாலியை இறக்கி வைத்து ஐந்து வருடம். அந்த ஐந்து வருடமாக வீட்டில் யாரும் லெம்போக்கைப் பற்றிப் பேசுவதில்லை. கேட்டால் செய்யக் கிளம்பிவிடுவாரோ என்ற பயம்.

எட்டு மணிக்கு ஆரம்பித்தோம். புழு வைத்ததை ஒதுக்கி, கொட்டை நீக்கியதில் இரண்டு கிலோ சதை தேறியது. கொட்டைகளில் பெரியதாக ஒன்பதைப் பெரியம்மா தனியாக ஈரத்துணியில் சுற்றி வைத்தார். ஏன் என்று கேட்கவில்லை. சதையோடு சீனி முந்நூற்றைம்பது கிராம், அரைத் தேக்கரண்டி உப்பு. மண்சட்டி மாதிரியான பீங்கான் பாத்திரத்தில் கொட்டி, சுவிட்சைப் போட்டேன்.

பெரியம்மா நாற்காலி போட்டு எதிரில் உட்கார்ந்தார். பத்து நிமிடம் கழித்துத் தொட்டுப் பார்த்தார். "இது சுடவே இல்லையே."

"அப்படித்தான் பெரியம்மா. மெதுவாத்தான் சுடும்."

"கரண்டு புடிக்குதா இல்லையா?"

முந்நூறு வாட்டுக்குள்தான் பிடிக்கும் என்றேன். அவருக்குத் திருப்தியில்லை. நேரம் போக, இந்தப் பெட்டியின் கதையைச் சொன்னேன். இர்விங் நாக்சன் என்ற யூத அமெரிக்கர் கண்டுபிடித்தது. 1940-இல் காப்புரிமை கிடைத்தது. லித்துவேனியாவில் வெள்ளிக்கிழமை மாலை பருப்பும் இறைச்சியும் போட்ட பானையை ரொட்டிக்கடை அடுப்பில் கொண்டுபோய் வைப்பார்களாம். ஓய்வுநாளில் அடுப்பு மூட்டக் கூடாது. ஆறிக்கொண்டிருக்கும் அடுப்பின் சூட்டில் அது ராவெல்லாம் வெந்திருக்கும். அம்மா சொன்ன இந்தக் கதையிலிருந்துதான் அவருக்கு யோசனை வந்தது. பிறகு வேறொரு நிறுவனம் வாங்கி, 1971-இல் கிராக்பாட் என்று பெயர் வைத்து விற்றது. வேலைக்குப் போகும் பெண்கள்தாம் வாங்கிக் குவித்தார்கள்.

"அந்த அம்மா லீவு நாள்ல அடுப்பு மூட்டக் கூடாதுன்னு ஒரு சாமி சொல்லியிருக்கு பாரு" என்றார் பெரியம்மா. "நமக்கு ஒரு சாமியும் சொல்லல."

வீட்டில் செய்து பார்க்க விரும்புகிறவர்களுக்கு ஒன்று சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் என் முதல் ஆப்பிள் இதில்தான் கெட்டது. ஸ்லோ குக்கரின் மூடி நீராவியை வெளியே விடாது. குழம்புக்கு அது நல்லது. பழத்தைச் சுண்டக் காய்ச்ச அது எதிரி. மூடிக்குக் குறுக்கே இரண்டு சாப்ஸ்டிக் குச்சியை வைத்து இடைவெளி விட வேண்டும். சூடு பக்கவாட்டிலிருந்து வருவதால் நடுவில் தளதளவென்று இருக்கும்போதே ஓரம் கறுக்கத் தொடங்கும். அரைமணிக்கு ஒருமுறை ஓரத்தை வழித்து நடுவுக்குத் தள்ளினால் போதும். முதல் ஒரு மணி நேரம் அதிகச் சூட்டில், பிறகு குறைத்து. டுரியானில் சீனியோடு கொழுப்பும் இருப்பதால் ஆப்பிளைவிடச் சீக்கிரம் கெட்டியாகும்.

பதினோரு மணிக்குப் பக்கத்து வீட்டுச் சீன அம்மா எட்டிப் பார்த்தார். பன்னிரண்டுக்கு அண்ணன் வேலியோரம் போய் நின்றுகொண்டார். அண்ணிக்கு டுரியான் வாசம் ஆகாது, காலையிலேயே அவர் அம்மா வீட்டுக்குப் போயாயிற்று. மதியம் வெளிர்மஞ்சள் போய்த் தேன் நிறம் வந்தது. இந்த நேரம் முழுக்கப் பெரியம்மா பேசிக்கொண்டே இருந்தார். குவாலி காலத்தில் அவர் பேசி நான் கேட்டதே இல்லை. புகையில் கண்ணைச் சுருக்கிக்கொண்டு கிண்டிக்கொண்டிருப்பார், பேசியதெல்லாம் நாங்கள்தான்.

நாலரைக்குக் கரண்டியைத் தூக்கிப் பார்த்தேன். பழுப்பு நிறம், வழுவழுப்பு. ரொட்டியில் தடவலாம். "ஆயிடுச்சு" என்றேன் பெருமையாக.

பெரியம்மா விரலால் தொட்டார். விரலில் ஒட்டியது. "இது ஜாம். லெம்போக் இல்ல. கைல ஒட்டக் கூடாது, கரண்டில ஒரே உருண்டையா எழும்பணும்."

அவர் சொன்னது சரி. அந்தக் கடைசி ஈரத்தை வெளியேற்றும் அளவுக்கு இந்தப் பெட்டிக்குச் சூடு இல்லை. ஒரு போத்தல் மட்டும் அப்படியே எடுத்து வைத்துக்கொண்டேன். மீதியைக் குவாலிக்கு மாற்றி, எரிவாயு அடுப்பில் ஏற்றி, துடுப்பை நான் பிடித்தேன். பத்து நிமிடத்தில் தோள் கடுத்தது. இருபது நிமிடத்தில் மணிக்கட்டு எரிந்தது. "அடியில தள்ளு, மேல தடவாத" என்று அதட்டல் வேறு. இப்படி எட்டு மணி நேரம். கை மாற்றத் தடுமாறியபோது பெரியம்மா எழுந்து வந்து, இடது கையால் துடுப்பை வாங்கி நாலு சுற்று சுற்றினார். "போதும் பெரியம்மா" என்று பிடுங்கினேன். கொடுத்துவிட்டார்; ஆனால் முகம் மலர்ந்திருந்தது.

நாற்பது நிமிடம். உருண்டு எழும்பியது. கையில் ஒட்டவில்லை. அந்தக் காலத்தில் சுற்றிய மாதிரியே பாக்கு மட்டையில் சுற்றினோம். அண்ணன் எங்கிருந்தோ கொண்டு வந்திருந்தார். இறுக்கமான லெம்போக் வெளியிலேயே நாள்பட இருக்கும். போத்தலில் எடுத்த இளகலை மட்டும் குளிர்பெட்டியில் வைத்துச் சீக்கிரம் தின்றுவிட வேண்டும். இரண்டு வாரம் என்று திட்டமிட்டிருந்தேன். ஆறு நாளில் தீர்ந்தது.

அடுத்த நாள் அதிகாலை வழக்கம்போல் சாம்பாருக்குப் போட்டுவிட்டு வேலைக்குப் போனேன். இரவு வந்து திறந்தால் முருங்கைக்காய் டுரியான் வாசம் அடித்தது. எலுமிச்சை, சோடா உப்பு, வெயில் எல்லாம் காட்டியாகிவிட்டது. கொஞ்சம் போயிருக்கிறது.

போன வாரம் பெரியம்மா வீடியோ அழைப்பில் வந்தார். ஈரத்துணியில் சுற்றிய ஒன்பது கொட்டையையும் அன்று மாலையே மைலோ டின்களில் ஊன்றியிருக்கிறார். டுரியான் கொட்டை காய்ந்தால் முளைக்காது, அதனால்தான் அந்த அவசரம். ஐந்து முளைத்திருக்கின்றன. தாமான் வீட்டு முன்வாசல் முழுக்க சிமெண்டு. என் வீடு பதினோராவது மாடியில்.

"உனக்கு ஒண்ணு, மார்க் பண்ணி வெச்சிருக்கேன்" என்றார், டின்னைக் கேமராவுக்கு நேராகத் தூக்கிப் பிடித்துக்கொண்டு. இடது கையால்தான் பிடித்திருந்தார்.